நல்ல பிளேயர் என்பதற்காக விட்டுவிடலாமா?

வியாசர்பாடியில் ஒரு ஃபுட்பால் கிளப்பின் செயலாளர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவர்களுடைய ஸ்ட்ரைக்கருக்கு 20 வயது. ஏரியாவில் அவனைப் போல ஆட ஆளில்லை. ஆட்டத்துக்காக வேலை கொடுக்கும் டிபார்ட்மென்ட் டீம்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். போன வாரம் பிராக்டீஸ் முடிந்தபின் டீக்கடை வாசலில் நடந்த வாய்த்தகராறில், ஜூனியர் டீமில் ஆடும் 15 வயதுப் பையனை அடித்து முன்பல்லை உடைத்துவிட்டான். வருகிற ஞாயிறு ஃபைனல். "திறமையான பையன், வாழ்க்கையைக் கெடுத்துடாதீங்க, பேசி முடிச்சிக்கலாம்" என்கிறார்கள் பெரியவர்கள். "உலகத்துல எத்தனை ஸ்டாரை மன்னிச்சு விட்டிருக்காங்க, நம்ம பையனை மட்டும் ஏன் பிடிச்சுத் தொங்குறீங்க?" என்றும் கேட்கிறார்களாம். நான் என்ன பதில் சொல்லட்டும் என்கிறார் செயலாளர். ஃபைனலுக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுக்க வேண்டும், நடுவில் அவன் படத்தைப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

தம்பி, முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபைனலில் அவனை இறக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் மாநகராட்சிப் பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் டோர்னமென்ட்களில் விசில் ஊதியிருக்கிறேன். "விடுங்க மாஸ்டர், நல்ல பிளேயரு" என்ற பேச்சைக் கேட்காத சீசனே எனக்குக் கிடையாது. அதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. பெரும்பாலும் அந்தப் பையன் மேல் நிஜமான பாசம் உள்ளவர்கள். அதனால்தான் அவர்களை ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது.

அவர்கள் பக்கத்து நியாயம் என்னவென்று முதலில் பார்ப்போம். வடசென்னைப் பையனுக்கு ஃபுட்பாலோ பாக்ஸிங்கோ கேரமோ பொழுதுபோக்கு மட்டும் இல்லை. தமிழ்நாட்டு அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, காவல் துறைத் தேர்வில் 10 சதவீதம். ஃபார்ம் ஒன், ஃபார்ம் டூ என்று அந்த விளையாட்டுச் சான்றிதழைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பத்தில் முதல்முதலாக மாதச் சம்பளம் வாங்கப் போகிறவன் அவன். வியாசர்பாடியில் இருந்து தனபால் கணேஷ் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) ஃபுட்பால் வரைக்கும் போனார். புது வண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். இதெல்லாம் கண் முன்னால் நடந்தது. ஒரு எஃப்.ஐ.ஆர். இதை அடித்துக்கொண்டு போய்விடும் என்று பெரியவர்கள் பயப்படுவதில் தப்பே இல்லை.

ஆனால் அந்தப் பயத்துக்கு அவர்கள் சொல்லும் மருந்து வேலை செய்யாது. கேஸ் பதிவாகிவிட்டது என்று வையுங்கள். புகார் கொடுத்தவரைச் சரிக்கட்டி, கோர்ட்டில் பிறழ் சாட்சியாக்கி, விடுதலை வாங்கிவிடலாம் என்று நினைப்பார்கள். தமிழ்நாட்டுக் காவல் பணி விதிகளில் இதற்கென்றே விளக்கம் எழுதி வைத்திருக்கிறார்கள்: புகார்தாரர் பிறழ்ந்ததால் விடுதலையானவரும், சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார். போலீஸ் வெரிஃபிகேஷனில் அது வந்து நிற்கும். கான்ஸ்டபிள் வேலைக்கு உடற்தகுதித் தேர்வெல்லாம் பாஸ் ஆகிவிட்டு இந்த இடத்தில் தடுக்கி விழுந்த பையன்கள் நம் பக்கம் எத்தனையோ பேர். அதனால் அவன் வாழ்க்கையைக் காப்பாற்றுவது என்பது, அடித்த பிறகு செய்கிற வேலையாக இருக்க முடியாது. ஒரு வருடம் முன்னால், யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டியபோது, தண்ணீர் பாட்டிலை ஜூனியர் முகத்தில் எறிந்தபோது, அவனை ஒரு மேட்ச் வெளியே உட்கார வைத்திருக்க வேண்டும். உங்கள் ஆளுக்கு இது முதல் தடவையாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் பெரியவர்களிடம் கேளுங்கள். இதே பல்லை மூன்றாவது கோல்கீப்பர் உடைத்திருந்தால் இத்தனை பேர் கிளப்புக்கு வந்திருப்பார்களா? சுமாராக ஆடுகிற பையனை ஸ்டேஷனில் உட்கார வைத்தால் அவன் அம்மா தனியாகப் போய் வாசலில் நிற்பார். கிளப்பில் இருந்து ஒருத்தர் எட்டிப் பார்க்க மாட்டார். "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று கை கழுவிவிடுவார்கள். நம் பக்கத்துப் பையன் என்றாலே ரவுடி என்று எழுதி வைத்திருக்கும் ஊரில், அந்தச் சாதாரணப் பையனுக்கு இன்னொரு வாய்ப்பு வேண்டும் என்று யாரும் பேசுவதில்லை. வாழ்க்கை கெட்டுவிடும் என்ற கவலை 20 கோல் அடித்தவன் மேல் மட்டும் வருகிறது என்றால் அது கோலைப் பற்றிய கவலை. பையன்கள் மேல் உள்ள கவலை என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வர வேண்டும்.

சரி, "பேசி முடிப்பது" எப்படி நடக்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கிளப் ரூமில் ஏழெட்டு பிளாஸ்டிக் சேர். தலைவர், முன்னாள் பிளேயர்கள், கட்சிக்காரர் ஒருத்தர், ஸ்பான்சர் செய்யும் கடைக்காரர். அடிபட்ட பையனின் அப்பா காசிமேட்டில் லோடு ஏற்றிவிட்டு லுங்கியோடு நேராக வந்திருப்பார், உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். அம்மா கதவோரம். பையன் கன்னம் வீங்கி, வாயை மூடிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி. யாரோ ஒருத்தர் ஒரு கவரை டேபிள் மேல் வைப்பார். "டாக்டர் செலவு பார்த்துக்குங்க. பசங்க விஷயம், நாளைக்கு அவனுங்களே ஒண்ணா சுத்துவானுங்க. என்னம்மா சொல்றீங்க?" அந்த அம்மா "நீங்க பெரியவங்க, பார்த்து செய்ங்க" என்பார். முடிந்தது. வெளியே வந்து எல்லோரும் "மன்னிச்சிட்டாங்க" என்பார்கள்.

அந்த ரூமில் மன்னிப்பு எதுவும் நடக்கவில்லை தம்பி. அந்தக் குடும்பம் அதே தெருவில் இருக்க வேண்டும், பையன் அதே கிரவுண்டுக்கு வர வேண்டும், அதனால் தலையாட்டிவிட்டுப் போனார்கள். மன்னிக்கிற உரிமை அந்தப் பையனுக்கும் அவனைப் பெற்றவர்களுக்கும்தான் இருக்கிறது. தலைவருக்கு இல்லை, ஸ்பான்சருக்கு இல்லை, உங்களுக்கும் இல்லை. நம்முடையதல்லாத ஒன்றை எடுத்து நமக்குப் பிடித்தவனுக்குக் கொடுக்கிறோம். ஸ்டார்களை மன்னிக்கலாமா என்ற பெரிய கேள்விக்கும் என் பதில் இதுதான். எவ்வளவு பெரிய ஆட்டக்காரர் என்று கேட்பதற்கு முன்னால், அடி யார் மேல் விழுந்தது, அவரிடம் யாராவது போய்க் கேட்டார்களா என்று கேளுங்கள்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். "ஒரு பல்லுதானே" என்பார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவில் எலும்போ பல்லோ உடைந்தால் அது கொடுங்காயம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் அப்படியே. வேண்டுமென்றே கொடுங்காயம் ஏற்படுத்தினால் ஏழு வருடம் வரை தண்டனை. சாதாரணக் காயம் என்றால் அடிபட்டவரே சமரசம் செய்துகொள்ளலாம். கொடுங்காயம் என்றால் கோர்ட் அனுமதி வேண்டும். கிளப் ரூமில் வைத்த கவர் அந்த அனுமதி ஆகாது. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதைப் பையனின் வீட்டார் முடிவு செய்யட்டும். கிளப் அவர்களைத் தடுக்கவும் கூடாது, தூண்டிவிடவும் கூடாது.

இப்போது உலகம் மன்னித்த ஸ்டார்கள் விஷயத்துக்கு வருவோம். அந்தக் கதைகளைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

உங்கள் விஷயத்துக்கு மிக நெருக்கமானது ஆஸ்திரேலிய நீச்சல் வீரர் நிக் டார்சியின் கதை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு அணியில் இடம் கிடைத்த கையோடு, சிட்னியில் ஒரு பாரில் முன்னாள் நீச்சல் வீரர் சைமன் கௌலியை அடித்து முகத்தை உடைத்துவிட்டார். ஆஸ்திரேலிய ஒலிம்பிக் கமிட்டி அவரை அணியில் இருந்து நீக்கியது. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய்ப் பார்த்தார், தோற்றார். பெய்ஜிங் போகவில்லை. ஆனால் 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நீந்தினார். கதவை நிரந்தரமாகப் பூட்டவில்லை. அந்த ஒரு ஒலிம்பிக்கை அவர் இழந்தார். நான்கு வருடத்துக்கு ஒரு முறை வருவதையே இழக்க வைத்தார்கள் என்றால், வருடா வருடம் வருகிற ஏரியா ஃபைனலை இழப்பது பெரிய விஷயமா?

இங்கிலாந்து கிரிக்கெட் வீரர் பென் ஸ்டோக்ஸை எல்லோரும் சொல்வார்கள். 2017 செப்டம்பரில் பிரிஸ்டலில் நைட் கிளப் வாசலில் தெருச்சண்டை. அந்த ஆஷஸ் தொடர் முழுவதும் அவரை எடுக்கவில்லை. 2018 ஆகஸ்டில் கோர்ட் அவரை விடுதலை செய்தது. அதற்குப் பிறகும் கிரிக்கெட் ஒழுங்குக் குழு தனியாக விசாரித்து எட்டு மேட்ச் தடையும் 30,000 பவுண்டு அபராதமும் போட்டது. தடை, அவர் ஏற்கெனவே இழந்த மேட்ச்களில் கழிந்தது. 2019 உலகக் கோப்பை ஃபைனலில் ஆட்ட நாயகன் அவர்தான். இதை மன்னித்துவிட்டதற்கு உதாரணமாகக் காட்டுவது சரியில்லை. விலை கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவர் அவர்.

மைக் டைசன் படம் நம் பக்கம் சலூனில், ஜிம்மில், ஆட்டோ கண்ணாடியில் எல்லாம் இருக்கும். ரோஷமான பாக்ஸிங் பரம்பரைகள் இருந்த மண், அந்தப் பாசம் எனக்குப் புரிகிறது. 1992-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் தண்டிக்கப்பட்டு மூன்று வருடம் சிறையில் இருந்தார், 1995-ல் வெளியே வந்து மறுபடி சாம்பியன் ஆனார். அவரும் தண்டனை அனுபவித்தவர்தான். எனக்கு உறுத்துவது வேறு. டைசன் அடித்த நாக் அவுட் ஒவ்வொன்றையும் ரவுண்டு ரவுண்டாகச் சொல்லும் பையன்களுக்கு, அந்த வழக்கில் 18 வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள் என்பதே தெரியாது. கேட்டால் "ஏதோ கேஸு மாஸ்டர்" என்பார்கள். ஆட்டக்காரன் பெரியவன் ஆக ஆக, அடிபட்டவர் இப்படித்தான் "ஏதோ கேஸு" ஆகிவிடுகிறார்.

கிரிக்கெட் வீரர் நவ்ஜோத் சிங் சித்து விஷயம் இன்னும் பக்கத்தில் நடந்தது. 1987 உலகக் கோப்பையில் நம் சேப்பாக்கத்தில்தான் அவருடைய முதல் ஒருநாள் ஆட்டம். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 73 ரன், சிக்ஸர் மேல் சிக்ஸர். நாம் ஒரு ரன்னில் தோற்றோம். அடுத்த வருடம் டிசம்பரில் பாட்டியாலாவில் ரோட்டில் வண்டியை நிறுத்திய தகராறில் குர்னாம் சிங் என்ற 65 வயது மனிதர் அடிபட்டு இறந்தார். வழக்கு நடந்தது, நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. கீழ்க்கோர்ட் 1999-ல் விடுதலை. 2006-ல் உயர் நீதிமன்றம் மூன்று வருடச் சிறை. 2018-ல் உச்ச நீதிமன்றம் காயப்படுத்திய குற்றம் மட்டும்தான் என்று ஆயிரம் ரூபாய் அபராதம். அந்தக் குடும்பம் மறுபடியும் மனு போட்டு, 2022 மே மாதம் ஒரு வருடக் கடுங்காவல். இதற்கு நடுவில் சித்து பல வருடம் இந்தியாவுக்கு ஆடினார், டி.வி.யில் சிரித்தார், எம்.பி. ஆனார், மந்திரி ஆனார். அவர் ஸ்டார் என்பதால்தான் இவ்வளவு காலம் ஆனது என்று நான் சொல்ல வரவில்லை. நம் நாட்டில் சாதாரண ஆளின் வழக்கும் இழுக்கும். ஆனால் அந்த 33 வருடமும் அவருக்கு வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் மனு எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆரம்பத்திலேயே செல்லம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கன் ஃபுட்பால் (நம் ஃபுட்பால் இல்லை, பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ஆட்டம்) வீரர் ரே ரைஸைப் பாருங்கள். 2014-ல், கல்யாணம் நிச்சயமான பெண்ணை லிஃப்டில் அடித்த வழக்கில் லீக் அவருக்குக் கொடுத்த தண்டனை இரண்டு மேட்ச். செப்டம்பரில் லிஃப்டின் உள்ளே இருந்த கேமரா வீடியோ வெளியே வந்ததும் அவருடைய டீமே அன்றைக்கே அவரை நீக்கியது. காலவரையற்ற தடை வந்தது. அந்தத் தடை பிற்பாடு ரத்தான பிறகும் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. அடித்தது முன்பே தெரியும். கண்ணால் பார்த்த பிறகுதான் உறைத்தது. டீக்கடையிலும் இப்போது கேமரா இருக்கிறது என்பதைப் பெரியவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள்.

எனக்கு இதில் ரொம்ப வலிப்பது சுஷில் குமார் விஷயம். 2008-ல் வெண்கலம், 2012-ல் வெள்ளி. மல்யுத்தத்தில் இந்தியாவுக்கு இரண்டு ஒலிம்பிக் மெடல். டெல்லி சத்ரசால் ஸ்டேடியத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்ற நிலை. 2021 மே மாதம் அந்த ஸ்டேடியத்தின் பார்க்கிங்கில் சாகர் தன்கர் என்ற 23 வயது இளம் மல்யுத்த வீரர் அடித்துக் கொல்லப்பட்ட வழக்கில் அவர் கைதானார். 2025 மார்ச்சில் கிடைத்த ஜாமீனை ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. குற்றம் நிரூபணமானால்தான் குற்றவாளி, அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வழக்கின் முடிவு எதுவானாலும், ஒரு மல்யுத்த வீரன் செத்துப்போனான், அதுவும் மல்யுத்தம் சொல்லிக்கொடுக்கும் இடத்தில். மெடல் வாங்கியவரை யாரும் தட்டிக் கேட்காத இடத்தில் முதலில் ஆபத்து யாருக்கு? அங்கேயே ஆடும் சின்னப் பையன்களுக்குத்தான். உங்கள் கிளப்பிலும் அடி வாங்கியது எதிர் டீம்காரன் இல்லை, உங்கள் ஜூனியர்தான்.

எதை ஒழுங்கீனம் என்று சொல்கிறோம் என்பதிலும் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. முகமது அலி 1980-ல் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் கண்காட்சிக் குத்துச்சண்டை போட்டபோது கூட்டம் அலை மோதியது. அந்த அலியைத்தான் 1967-ல், வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்று சொன்னதற்காக, பட்டத்தைப் பிடுங்கி மூன்று வருடத்துக்கு மேல் ரிங்குக்குள் விடாமல் வைத்தார்கள். ஐந்து வருடச் சிறைத் தண்டனையும் விதித்தார்கள். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இங்கே 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் வினேஷ் போகத், சாக்ஷி மாலிக் எல்லாம் மல்யுத்த சம்மேளனத் தலைவர் மேல் பாலியல் புகாரோடு டெல்லித் தெருவில் உட்கார்ந்தபோது, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவர் அதை ஒழுங்கீனம் என்றார். மே 28 அன்று போலீஸ் அவர்களைத் தெருவில் இழுத்து வண்டியில் ஏற்றியதை எல்லோரும் பார்த்தோம். அதிகாரத்தில் இருப்பவர்களுக்குப் பிடிக்காததைச் சொன்னால் உடனே ஒழுங்கு ஞாபகம் வருகிறது. அதிகாரத்துக்கு வேண்டியவர் கை வைத்தால் திறமை ஞாபகம் வருகிறது.

நம் பக்கமும் அப்படித்தான். ஃபுட்பால் ஆடும் பெண் பிள்ளை ஷார்ட்ஸோடு பஸ் ஏறினால், டீம் பையனோடு நின்று பேசினால், "ஒழுக்கம்" என்று முதல் ஆளாக வந்து நிற்பார்கள். யாரைக் காதலிக்கிறான், என்ன டிரஸ் போடுகிறாள், என்ன கட்சி, சீசன் முடிந்து எங்கே போனார்கள் என்பதெல்லாம் கிளப்பின் வேலையே இல்லை. விளையாட்டு வீரன் சாமியாராக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இன்னொருத்தருக்கு என்ன கேடு நடந்தது என்பது மட்டும்தான் கேள்வி.

தன்னையே கெடுத்துக்கொள்கிறவன் விஷயம் வேறு. நம் ஏரியாவில் மாத்திரை, ஊசி என்று போகும் பசங்களை நீங்களும் பார்க்கிறீர்கள். மாரடோனாவுக்குக் கொக்கைன் பழக்கம் எண்பதுகளின் ஆரம்பத்திலேயே வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். நேப்பிள்ஸில் மாட்டியது 1991-ல், 15 மாதத் தடை. நடுவில் இருந்த அத்தனை வருடமும் சுற்றி இருந்தவர்களுக்கு அவர் ஞாயிற்றுக்கிழமை ஆடினால் போதும். அப்படிப்பட்ட பையனைத் தண்டிப்பதால் பிரயோஜனம் இல்லை, கண்டுகொள்ளாமல் விட்டாலும் செத்துப்போவான். கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.

வாய்த் தப்பும் அடிதடியும் ஒன்றில்லை. ஹர்திக் பாண்டியாவும் கே.எல். ராகுலும் 2019 ஜனவரியில் டி.வி. நிகழ்ச்சியில் பெண்களைப் பற்றிக் கேவலமாகப் பேசியதற்கு, ஆஸ்திரேலியாவில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். பிறகு ஆளுக்கு 20 லட்சம் அபராதம். அதில் பாதி, பணியில் இறந்த துணை ராணுவக் கான்ஸ்டபிள்களின் மனைவிகளுக்கும் மீதி பார்வையற்றோர் கிரிக்கெட்டுக்கும் போனது. சில வாரத்தில் மறுபடி ஆடினார்கள். தப்புக்கு ஏற்ற அளவு. அதோடு விட்டதும் சரி.

ஆனால் சிறுவர், சிறுமியரிடம் பாலியல் அத்துமீறல் என்றால் அளவு பார்க்கிற பேச்சே கிடையாது. 2021-ல் இதே சென்னையில் பெயர் பெற்ற தடகளப் பயிற்சியாளர் ஒருவர் போக்சோவில் கைதானதும், ஒரு பெண் புகார் கொடுத்த பிறகு ஒவ்வொருவராக முன்வந்ததும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மெடல் வாங்கித் தருகிற மாஸ்டர் என்ற பெயர் எத்தனை வாயை மூடும் என்று நினைத்துப் பாருங்கள். போக்சோவில், தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் இருப்பதே குற்றம். ஆறு மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே வேலை செய்பவரைப் பற்றி மறைத்தால் ஒரு வருடம் வரை. அப்படி ஒன்று உங்கள் காதுக்கு வந்தால் கமிட்டி கூட்டிப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். நேராக மகளிர் காவல் நிலையம், இல்லை 1098.

"புகார் பொய்யாக இருந்தால்?" என்று யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இலங்கை கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக 2022 நவம்பரில் சிட்னியில் பாலியல் வன்கொடுமைப் புகாரில் கைதானார். இலங்கை வாரியம் உடனே தடை போட்டது, அடுத்த வருடம் கோர்ட் விடுவித்தது, தடையை நீக்கினார்கள். நேபாளக் கிரிக்கெட் வீரர் சந்தீப் லமிச்சானேவுக்குப் பாலியல் வன்கொடுமை வழக்கில் 2024 ஜனவரியில் எட்டு வருடத் தண்டனை, மே மாதம் மேல்முறையீட்டில் விடுதலை. முகமது ஷமி மேல் 2018-ல் மனைவி புகார் கொடுத்தபோது வாரியம் ஒப்பந்தத்தை நிறுத்தி வைத்து, சூதாட்டக் குற்றச்சாட்டை மட்டும் தன் ஊழல் தடுப்புப் பிரிவை வைத்து விசாரித்து, அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஒப்பந்தம் கொடுத்தது. குடும்ப வழக்கைக் கோர்ட்டுக்கு விட்டுவிட்டது. விசாரணை முடியும்வரை ஓரமாக உட்கார வைப்பது தீர்ப்பு இல்லை. உட்கார வைத்துவிட்டு மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் அநியாயம். உங்கள் விஷயத்தில் டீக்கடையில் பத்து பேர் பார்த்திருக்கிறார்கள், அவனே ஒத்துக்கொள்வான் என்று நினைக்கிறேன். இருந்தாலும் அவன் வாயால் என்ன நடந்தது என்று கேட்டு எழுதுங்கள். ஜூனியர் அவன் குடும்பத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். அதுவும் பதிவாகட்டும். பல் உடைந்ததற்கு அது சமாதானம் ஆகாது, ஆனால் அவனும் கேட்கப்பட வேண்டியவன்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று பேர் உட்காருங்கள். அதில் அவன் சொந்தக்காரர், ஸ்பான்சர் இருக்கக் கூடாது. ஜூனியர் பசங்களின் அம்மாக்களில் ஒருவர் இருந்தால் நல்லது. ஒரு வாரத்துக்குள் முடியுங்கள். என்னைக் கேட்டால் இந்த சீசன் முழுவதும் வெளியே. மற்றவர்கள் பிராக்டீஸ் செய்யும் நேரத்தில் அவன் கிரவுண்டுக்கு வர வேண்டாம். காலையில் தனியாக ஓடட்டும், ஃபிட்னெஸ் போக வேண்டியதில்லை. பல் வைத்தியச் செலவை கிளப் கொடுக்கக் கூடாது. அவன் கூலி வேலை செய்தாவது, தவணையாகவாவது, அவனே கொடுக்கட்டும். கோட்டை ஸ்டேஷன் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது, பையனை நாளைக்கே அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். பல் விஷயத்தில் நாள் கடத்தக் கூடாது. மன்னிப்புக் கேட்பதை எல்லோர் முன்னாலும் காலில் விழ வைக்கிற காட்சியாக ஆக்க வேண்டாம். அந்தப் பையன் பார்க்கச் சம்மதித்தால் மட்டும் அவன் வீட்டுக்குப் போகட்டும், கூட நீங்கள் ஒருத்தர் போதும். வேண்டாம் என்றால் வேண்டாம்.

அடுத்த சீசன் அவன் வரட்டும். உள்ளே எடுங்கள், அதை நான் மனதார விரும்புகிறேன். 20 வயதில் செய்த தப்பு 40 வயது வரை நெற்றியில் ஒட்டியிருக்கக் கூடாது. ஆனால் அவனுக்குக் கொடுக்கிற அதே வழியை, நாளைக்கு இதே தப்பைச் செய்யும் மூன்றாவது கோல்கீப்பருக்கும் கொடுப்பீர்கள் என்று மினிட் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிபார்ட்மென்ட் டீம்காரர்கள் கேட்டால் மறைக்காதீர்கள். என்ன நடந்தது, கிளப் என்ன செய்தது, அவன் எப்படி நடந்துகொண்டான் என்று மூன்றையும் சொல்லுங்கள். மூன்றாவது நல்லபடியாக இருந்தால் அவனுக்காக நானே வந்து பேசுகிறேன்.

ஃபைனலில் தோற்றுவிடுவோமே என்றால், தோற்கலாம். அந்த ஜூனியர் பையன்கள் எல்லோரும் டச் லைனில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவன் இறங்கி இரண்டு கோல் அடித்து, எல்லோரும் தோளில் தூக்கினால், பல் போன பையனும் அதைப் பார்க்க வேண்டும். அல்லது அவன் வீட்டிலேயே இருந்துவிடுவான், அதன்பிறகு பிராக்டீஸுக்கும் வர மாட்டான். அவனுக்கும் ஏதோ ஒரு திறமை இருக்கலாம். 15 வயதில் யாருக்குத் தெரியும்?

ஃப்ளெக்ஸ் விஷயம் கேட்டிருந்தீர்கள். நடுவில் அவன் படம் வேண்டாம். ஓரத்திலும் வேண்டாம். இப்போது ஆடப்போகும் டீமின் குரூப் ஃபோட்டோவைப் போடுங்கள், கீழே எல்லார் பெயரும் ஒரே அளவு எழுத்தில். அடிக்கக் கொடுப்பதற்கு முன்னால் அவனிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள்; ரோட்டில் பார்த்துத் தெரிந்துகொள்ள வைக்காதீர்கள்.